பொய்யிரையும் மெய்யன்பும்

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓகிச்சோபி என்னும் ஏரி உள்ளது. ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அவ்வேரியின் சராசரி ஆழம் மூன்று மீட்டருக்கும் குறைவே. பார்வைக்குக் கடல்போல் விரிந்து கிடப்பினும் கரையோரங்களில் இடுப்பளவு நீர்தான். கோரையும் நாணலும் அடர்ந்த அந்த ஆழமற்ற நீரில் 'பாஸ்' எனப்படும் பெருவாய் மீன் வாழ்கிறது. அமெரிக்கர் விரும்பித் தூண்டிலிடும் நன்னீர் மீன்களுள் இது தலையாயது. இன்று அதைப் பிடிப்போருள் பெரும்பாலோர் உண்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, எடை பார்த்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர்.

மார்ச் மாத மாலையொன்றில் அங்கே தூண்டிலிடச் செல்லும் ஒருவரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் உயிருள்ள புழு ஒன்றும் அதில் இராது. அறை அறையாகப் பிரித்த அப்பெட்டி நிறையப் பொய்யிரைகளே இருக்கும். வெயில் தணியாத வேளையில் மென்மையான பிளாஸ்டிக் புழுவை முள்ளில் கோத்து நாணலின் அடியில் மெல்ல இறங்கவிடுவார். காற்றெழுந்து நீர் சிலிர்க்கும்போது, வளைந்த கம்பியில் சுழலும் உலோகத் தகடுகளை இழுத்து வருவார். அவற்றின் மினுக்கம் சிறுமீன் கூட்டம் விரைவதுபோல் தோன்றும். கதிரவன் சாய்ந்தபின் நீர்ப்பாசியின் மேல் ரப்பர் தவளை ஒன்று தத்திச் செல்லும். இருள் கவியும் நேரத்தில், வாய் குழிந்த மரக்கட்டை மீன் நீர்மட்டத்தில் மிதந்து, நரம்பைச் சுண்டும்போதெல்லாம் 'களக்' என்று ஒலியெழுப்பும். ஒரு மாலைப் பொழுதுக்குள் நான்கு விதப் பொய்கள்! இந்த வேளையில், இந்த வெளிச்சத்தில், இம்மீன் எதற்கு மயங்கும் என்பதே அம்மனிதரின் மாலை முழுவதையும் ஆட்கொள்ளும் ஆராய்ச்சி.

பொய்யிரையின் வரலாற்றில் பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ராபலாவுக்குத் தனியிடம் உண்டு. கூட்டமாகச் செல்லும் சிறுமீன்களுள், காயமுற்றுத் தடுமாறி நீந்தும் ஒன்றையே பெருமீன் பாய்ந்து பற்றுகிறது என்பதை அவர் கண்டார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுங்கும் தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருள்களை உருக்கிப் பூசி, அந்தத் தடுமாற்றத்தையே தம் பொய்யிரைக்கு ஊட்டினார். அவருக்கு அது வயிற்றுப்பாடு. இன்றோ அவர் பெயர் தாங்கிய பொய்யிரைகள் உலகெங்கும் விளையாட்டுப் பொருள்களாக விற்பனையாகின்றன.

இங்கே நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. ஓர் உயிரைப் பொய்யால் ஏமாற்றுவது தகுமா? பொய்யைப் பற்றிப் புனித அகுஸ்தினாரைப்போல் கடுமையாக எழுதியவர் எவருமிலர். நன்மை கருதியும் பொய் சொல்லலாகாது என்பது அவர் துணிபு. ஆயினும் மீனுக்கு நாம் காட்டும் பிளாஸ்டிக் புழுவை அவர் பொருள்கொண்ட பொய்யில் சேர்க்க இயலாது. பொய் என்பது பேசும் மனம் கேட்கும் மனத்துக்கு இழைக்கும் துரோகம். மீன் நம் சொல்லை நம்பி வரவில்லை. நாமும் அதற்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆண்டவரே பேதுருவிடம், கடலுக்குப் போய்த் தூண்டில் போடுமாறு பணித்ததை மத்தேயு நற்செய்தி 17-ஆம் அதிகாரம் கூறுகிறது. நற்செய்திகளில் மற்ற இடங்களிலெல்லாம் வலையே பேசப்படுகிறது. தூண்டில் தலைகாட்டும் ஒரே இடம் அதுதான்.

நான்காம் நூற்றாண்டினரான நீசா நகர்ப் புனித கிரகோரியார் இன்னும் துணிவாக ஓர் உவமை சொன்னார். இரையில் மறைந்த முள்போல, கிறிஸ்துவின் மனிதத் தசையில் இறைமை மறைந்திருந்தது. அலகை அதை விழுங்கி அகப்பட்டுக்கொண்டது என்றார். பிற்கால இறையியலார் பலருக்கு இவ்வுவமை உவப்பாக இல்லை. அது ஏமாற்று ஆகாதா என்னும் வினாவை கிரகோரியாரே எழுப்பிக்கொண்டு, நோக்கத்தைச் சுட்டி விடை கூறினார். நஞ்சிடுபவனும் உணவில் கலந்து தருகிறான், மருத்துவனும் உணவில் மருந்தைக் கலந்து தருகிறான். செயல் ஒன்றுபோல் தோன்றினும் கருதிய பயன் வேறு. இந்த அளவுகோல் நமக்குப் போதும். பொய்யிரையை எறிபவர் கருதும் பயன் யாது?

1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மிகுந்த பாஸ் மீன் ஒன்றைப் பொய்யிரையால் பிடித்தார். பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய காலம் அது. மீனை எடை போட்டார், வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பத்தார் சமைத்து உண்டனர். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீன் ஒன்று அதற்கு இணையாகும் வரை, 77 ஆண்டுகள் அந்தச் சாதனைக்கு ஈடில்லை. உலகிலேயே பெரிய பாஸ் மீன் ஓர் ஏழைக் குடும்பத்தின் உணவாயிற்று என்பதை நாம் மகிழ்ச்சியோடு படிக்கிறோம். அந்தப் பொய்யிரையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

அதன்பின் காலம் மாறியது. ரே ஸ்காட் என்பவர் 1967-இல் பாஸ் மீன்பிடிப் போட்டிகளைத் தொடங்கினார்; 1972-இல், பிடித்த மீனைக் கொல்லாமல் நீரில் விடவேண்டும் என்னும் வழக்கத்தைப் போட்டிகளில் புகுத்தினார். ஏரிகள் மீனற்றுப் போகாமல் காக்க இது உதவியது. இதனை இரக்கத்தின் வெற்றி என்றே பலர் போற்றினர். வியப்பு என்னவெனில், அதே 1972-இல் ஜெர்மனி இயற்றிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி எந்த விலங்குக்கும் வலி உண்டாக்கலாகாது என்று விதித்தது. உண்பது நியாயமான காரணம். விடுவதற்கென்றே பிடிப்பது பொதுவாக அவ்வாறு கருதப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தின் விதிகளோ, விடுவிக்கும் நோக்கத்தோடு தூண்டிலிடுவதையே தடை செய்கின்றன. ஆக, பெருங்கடலின் ஒரு கரையில் அறமாக எண்ணப்படுவது மறுகரையில் குற்றமாகிறது.

1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று 2418-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய திருமடலில் இதனை மீண்டும் எடுத்துரைத்தார். மீனுக்கு வலி உண்டா என்பார்க்கு ஒரு செய்தி: வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-இல் அறிவியலார் கண்டனர். அம்மீன் அதனை நாம் உணர்வதுபோல் உணருமா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. அதே வேளையில் ஓய்வும் மனமகிழ்வும் தேவையற்றவை என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. இங்கிலாந்து உரோமையிலிருந்து பிரிவதற்கு முன், 1496-இல் அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஒரு கன்னியர் மடத்துத் தலைவி எழுதியது என்பது மரபுவழிச் செய்தி. பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் கட்டும் முறையை விளக்கும் அந்நூல், பொருளாசைக்காக இக்கலையைக் கைக்கொள்ளற்க, உடல் நலத்துக்கும் சிறப்பாக ஆன்ம நலத்துக்கும் கைக்கொள்க, அளவுக்கு மிஞ்சிப் பிடியற்க என்று அறிவுரை கூறுகிறது. மாலைநேரத்து ஏரியில் அமைதி தேடும் மனிதரைக் கடுஞ்சொல்லால் விரட்ட நாம் விரும்பவில்லை.

ஆனால் நாம் குறித்த அந்த மார்ச் மாதத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பாஸ் மீன் முட்டையிடும் பருவம். ஆண்மீன் ஆழமற்ற நீருக்கு வந்து, வாலால் அடித்து அடித்துத் தரையைத் துப்புரவாக்கி, தட்டுப்போன்ற ஒரு குழியை அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுச் சென்றுவிடும். அதன்பின் காவல் முழுவதும் தந்தையுடையது. முட்டைகளின்மேல் வண்டல் படியாதவாறு துடுப்பால் விசிறிக்கொண்டும், நெருங்குவனவற்றைத் துரத்திக்கொண்டும், முட்டை பொரிந்து குஞ்சுகள் தாமே பிழைக்கும் அளவு வளரும் வரை அது அங்கேயே நிற்கும். அந்நாள்களில் இரை தேடுவதும் அரிதாகிவிடும். அவ்வேளையில் குழியின்மேல் பிளாஸ்டிக் புழு ஒன்று வந்து விழுகிறது. மீன் அதைக் கவ்வுகிறது. பசியால் அன்று, தன் குஞ்சுகளை அழிக்க வந்த பகையென்று எண்ணி. தூக்கி எறிவதற்காக அது வாயைத் திறக்கிறது. முள் அங்கேதான் தைக்கிறது. அதைப் பிடித்தவர் எடை பார்த்து, படம் எடுத்து, சில நிமிடங்களில் கனிவோடு நீரில் விட்டுவிடலாம். அதற்குள் சுற்றிலும் காத்திருக்கும் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கியிருக்கும்.

மாலை முழுவதும் எறிந்த மற்றப் பொய்யிரைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் எளிதாக எண்ணலாகாது. மற்றவை மீனின் பசியைத் தூண்டின. இதுவோ அதன் கடமையுணர்வையே கைப்பிடியாகப் பற்றி இழுக்கிறது. விலங்கின் உள்ளுணர்வைக் 'கடமை' என்று அழைப்பது மிகை என்று சிலர் கூறக்கூடும். பெயர் எதுவாயினும் ஆகுக. தன்னை மறந்து பிறிதோர் உயிரைக் காக்கும் அச்செயலைப் படைத்தவர் அதனுள் வைத்தார். அதனைப் பிடிக்கும் கருவியாக்கி விளையாடுவது சரியன்று என்பதே நம் கருத்து.

இவ்வகையில் இல்லினாய் மாநிலத்து ஆய்வு ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1975-இல் ரிட்ஜ் ஏரி என்னும் சிறு ஏரியில் அதனைத் தொடங்கினர். பிடிபட்ட ஒவ்வொரு பாஸ் மீனுக்கும் அடையாளமிட்டு விட்டனர். ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்டது! நான்கு ஆண்டுகளுக்குப்பின் ஏரியை வற்றவைத்தபோது 1,700-க்கு மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 200 மீன்கள் ஒருமுறையேனும் தூண்டிலில் அகப்படாதவை. எளிதில் அகப்படுபவை, அகப்படாதவை என்று இரு வழிகளாகப் பிரித்துப் பல தலைமுறை வளர்த்தனர். அகப்படும் இயல்பு தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்று 2009-இல் அறிவித்தனர். 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, எளிதில் அகப்படும் வழியைச் சேர்ந்த ஆண்மீன்களே தம் கூட்டை மிகுந்த விழிப்போடு காப்பவை, மிகுதியான குஞ்சுகளை வளர்த்தெடுப்பவை என்று கண்டது. தூண்டில் வடித்தெடுப்பது ஏரியின் நல்ல தந்தையரை!

ஏமாறியவர்களைப் பற்றி நாம் சொல்லிப் பழகிய சொல் ஒன்று உண்டு: 'பேராசை பெருநஷ்டம்'. சூதில் வென்ற பொருளை, தூண்டில் முள்ளை இரையென எண்ணி விழுங்கிய மீனுக்கு வள்ளுவர் ஒப்பிட்டபோது அவர் கண்முன் இருந்தவன் சூதாடி. அவனுக்கு அவ்வுவமை பொருந்தும். நாம் அதனை ஏமாறிய எல்லார்மேலும் போர்த்துகிறோம். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவனிடம் வீட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்த தந்தை, தமக்காகவா கொடுத்தார்? 'உங்கள் மகனைக் காவலர் பிடித்துவைத்திருக்கின்றனர், உடனே பணம் அனுப்புங்கள்' என்னும் தொலைபேசிக் குரலைக் கேட்டு நடுங்கி, சேமிப்பையெல்லாம் அனுப்பிவிடும் தாயிடம் எந்தப் பேராசை இருந்தது? தீராத நோயுற்ற குழந்தைக்குப் பொய் மருந்து வாங்கியவரிடம்? இவர்கள் கூட்டின்மேல் நின்ற மீன்கள். பங்குக் கோயிலின் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் இவர்களிடம் நாம் வந்து, கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்கிறோம்.

நல்லவர்க்கு வரும் சோதனை நன்மையின் உருவில் வரும் என்பதைப் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் தெளிவாகக் காட்டினார். பகைவன் ஒளியின் தூதனாக வேடமிட்டு, பக்தியுள்ள ஆன்மாவுக்கு ஏற்ற எண்ணங்களோடு உள்ளே நுழைந்து, தன் எண்ணங்களோடு வெளியேறுவான் என்றார். நாம் சோதனை என்றதும் காமத்தையும் பொன்னாசையையும் மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். ஆசையில் தைத்த முள்ளுக்கு ஆசையை விடு என்று மருந்து சொல்லலாம். அன்பில் தைத்த முள்ளுக்கு அன்பை விடு என்று சொல்ல முடியுமா? 'என்னை எவனும் ஏமாற்றியதில்லை' என்று பெருமை பேசுவோர் நம்மிடையே பலருண்டு. ரிட்ஜ் ஏரியின் அந்த 200 மீன்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் வழிவந்தவை தூண்டிலுக்குத் தப்பின. கூட்டைக் காப்பதிலோ பின்தங்கின.

நல்ல தந்தையர் மீண்டும் மீண்டும் பிடிபடும் ஏரியில் காலப்போக்கில் எத்தகைய மீன் பெருகும் என்று அவ்வாய்வாளர் கவலையுற்றனர். கதவைத் தட்டும் அந்நியனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கும் தெருக்களைக் காணும்போது, அக்கவலை மீன்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை. முதியோர் பலர் இன்று அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதேயில்லை. ஒருவேளை அது உண்மையாகவே உதவி கேட்கும் அழைப்பாகவும் இருக்கலாம்.

மீனைத் திருத்த இயலாது; தூண்டில் பிடித்த கைக்குத்தான் எதையும் சொல்ல முடியும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலான பகுதிகளில் நெடுங்காலமாகப் பாஸ் மீன்பிடிப் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்கிவந்தது. குஞ்சுகள் பொரியும் காலம் வரை காத்திருக்கச் செய்த ஏற்பாடு அது. ஓகிச்சோபி ஏரியில் அத்தகைய தடைக்காலம் இல்லை. அங்கே தூண்டிலிடுவோர் நீரின் கூசொளியைத் தடுக்கும் கண்ணாடி அணிந்திருப்பர். ஆழமற்ற நீரின் அடியில் வெளிறிய வட்டமும், அதன்மேல் சுற்றிச் சுற்றி வரும் கரிய முதுகும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். படகை அப்பால் திருப்புவதும் திருப்பாததும் அவரவர் விருப்பம்.