சொல்லாமல் விட்ட 35 வருஷம்

சென்ற தை மாதம் எங்கள் டிரம்மரை ஒரு கச்சேரிக்காக மட்டும் விலக்கி வைத்தோம். கூலி வாங்குகிற கச்சேரி இல்லை. எங்களில் பேஸ் கிதார் வாசிப்பவனின் மகள் கல்யாண வரவேற்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகக்கூடாது என்று அவன் நினைத்தான். அவனுடைய தங்கை மகன் சென்னையில் பொறியியல் படிக்கிறான், டிரம்ஸ் பிரமாதமாக வாசிப்பான். "மச்சான், ஒரே ஒரு நாள். நீதான் அவன்கிட்ட பக்குவமா சொல்லணும்" என்றான். நானும் சொன்னேன். நான் செய்தது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. யோசிக்க யோசிக்க, தப்பு நான் தேடிய இடத்தில் இல்லை, வேறெங்கோ இருந்தது என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் என்றால் பக்தர்களுக்குப் பழமலைநாதர், ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன், வியாபாரிகளுக்குப் பீங்கான். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியர், கார்த்திகைக்கு ஏற்றும் பளபளப்பான அகல், அலமாரிப் பொம்மை எல்லாம் எங்கள் ஊர்ச் செராமிக் பட்டறைகளில் உருவாகிறவை. 1988இல் பிளஸ் ஒன் படித்த நாங்கள் நான்கு பேர் ஒரு 'பேண்ட்' ஆரம்பித்தது அப்படி ஒரு பட்டறையின் சூளைக் கொட்டகையில்தான். ஞாயிற்றுக்கிழமை சூளை ஆறிக்கொண்டிருக்கும், ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க நாதி கிடையாது.

நெய்வேலியிலிருந்து ஒரு நண்பன் கொண்டுவந்த ராக் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டோம். வார்த்தை புரியாது, அதனால் இளையராஜா பாட்டுகளையே டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தோம். பிறகு ஒருவன் பட்டறை முதலாளி ஆனான், ஒருவன் ஜங்ஷனில் ரயில்வே வேலைக்குப் போனான், ஒருவன் மருந்துக்கடை வைத்தான், நான் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா ஆனேன். கல்யாணம், குழந்தை, சர்க்கரை வியாதி எல்லாம் வந்தன. ஞாயிறு மட்டும் மாறவில்லை.

ரயில்வேக்காரன்தான் டிரம்மர். அவனுக்கு ஒரு குறை உண்டு. பாட்டு சூடுபிடித்தால் ஓடுவான். பல்லவியில் ஆரம்பித்த வேகம் இரண்டாம் சரணத்தில் இருக்காது. கிதாரில் நான் மூச்சு வாங்கத் துரத்த வேண்டியிருக்கும். "வண்டியைத்தான் நேரத்துக்கு அனுப்புறான், பாட்டை முன்னாடியே அனுப்பிடுறான்" என்று அவன் இல்லாதபோது சொல்லிச் சிரிப்போம். அவன் இருக்கும்போது சொன்னதில்லை.

*

ஒரு நண்பனை அவன் திறமைக் குறைவுக்காக விலக்கலாமா? இதற்கு எளிதாக இரண்டு பதில் சொல்லிவிடலாம்.

முதல் பதில்: இது பொழுதுபோக்கு, இதில் தரம் என்ன தரம், சேர்ந்திருப்பதுதான் முக்கியம். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் சேர்ந்திருப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சீட்டாடலாம், டீக்கடையில் உட்காரலாம். எதற்காக ஒரே பாட்டின் இடையிசையை மூன்று வாரம் உருட்டினோம்? விரல் தோல் உரிந்தது எதற்கு? அலஸ்டைர் மெக்கின்டயர் 1981இல் வெளியான 'ஆஃப்டர் வெர்ச்சூ' நூலில், ஒரு செயலுக்கு வெளியே கிடைக்கும் பலனையும் உள்ளே கிடைக்கும் பலனையும் பிரிக்கிறார். மிட்டாய் தருகிறேன் என்று சொல்லிக் குழந்தையைச் சதுரங்கம் ஆடவைத்தால், மிட்டாய் வெளிப்பலன். ஆட்டத்தின் நுட்பம் தரும் இன்பம் உட்பலன், அதை வேறு எதிலும் வாங்க முடியாது. ஆனால் அந்த உட்பலன் வேண்டுமென்றால் அந்தக் கலையின் அளவுகோலுக்குத் தலைவணங்க வேண்டும் என்கிறார். காசு வாங்காதவனுக்கும் தாளம் தாளம்தான்.

இரண்டாம் பதில்: தரம்தான் முக்கியம், நட்பு வேறு, இசை வேறு. 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் எடுத்த முடிவு இதுதான். இரண்டு வருஷம் கூட வாசித்த பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். முடிவு சரி என்று வரலாறு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் அவரிடம் நேரில் சொல்லவில்லை. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் கூப்பிட்டுச் சொன்னார். அது கோழைத்தனம் என்று லெனனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அதே கதைக்கு இன்னொரு கிளை உண்டு. பீட்டில்ஸுக்கு முன்னால் லெனன் பள்ளித் தோழர்களோடு 1956இல் தொடங்கிய குழு குவாரிமென். அதில் டிரம்ஸ் வாசித்த காலின் ஹான்டன் தொழிலில் சோபா, நாற்காலிக்கு மெத்தை தைப்பவர். அந்தப் பழைய குழுவில் மிச்சமிருந்தவர்கள் 1997இல், நாற்பது வருஷம் கழித்து, மறுபடி ஒன்றாக மேடையேறி வாசிக்க ஆரம்பித்தார்கள். வயதான காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சந்தோஷத்தை அளக்க விற்பனைப் பட்டியல் உதவாது. எங்களுக்கு லட்சியம் யார் என்று கேட்டால், ஆசைக்குப் பீட்டில்ஸ், யோக்கியதைக்குக் குவாரிமென்.

*

வள்ளுவரிடம் போனேன். அங்கேயும் இரண்டு பக்கம் இழுத்தது. 79ஆம் அதிகாரம் 'நட்பு'. நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்காக அல்ல, நண்பன் எல்லை மீறிப் போகும்போது முன்னால் போய் இடித்துச் சொல்வதற்காக என்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி 81ஆவது, 'பழைமை'. நெடுநாள் பழகியவன் உரிமையோடு செய்வதைப் பொறுத்துக்கொள், அவன் நோகும்படி செய்தாலும் அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறார். இடித்துச் சொல்வதா, பொறுத்துப் போவதா?

நாங்கள் 35 வருஷமாகப் 'பழைமை'யைக் கடைப்பிடிக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் ஓடுகிறான், நாம் பொறுக்கிறோம், இதுவல்லவா நட்பு! ஆனால் பொறுத்துப்போகிறவன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கமாட்டான். சிரித்தோம் என்றால் குறை எங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, உறுத்தியும் இருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவான் என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில், சொல்வதில் இருக்கும் சங்கடத்தை எங்களுக்கு மிச்சப்படுத்திக்கொண்டோம். அதைவிட மோசம், அவனால் திருத்திக்கொள்ள முடியாது என்று அவனைக் கேட்காமலே தீர்மானித்துவிட்டோம். ஒருவனிடம் அவன் குறையைச் சொல்லாமல் இருப்பது சில சமயம் அவனைக் கைவிடுவதுதான். பட்டறைக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண்ணில் கோணல் இருந்தால் அழுத்திச் சரிசெய்யலாம், முடியாவிட்டால் தண்ணீரில் கரைத்து மறுபடி வார்க்கலாம். 1,200 டிகிரிச் சூட்டில் வெந்த பிறகு கழித்துக்கட்டத்தான் முடியும். நாங்கள் பச்சையாக இருந்தபோது தொடவே இல்லை, வெந்த பிறகு கழித்துவிட்டோம்.

அன்று அவனிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். "பையன் நல்லா வாசிப்பானாடா?" என்று கேட்டான். வாசிப்பான் என்றேன். "சரிடா" என்றான். வரவேற்பு அன்று சாயங்காலம் அவனே தன் டிரம்ஸை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து, மேடையில் மாட்டி, திருகு முடுக்கி, பையனுக்கு ஸ்டூல் உயரம் சரியா என்று பார்த்துவிட்டுக் கீழே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

எங்கள் வாழ்நாளிலேயே நன்றாக வாசித்த கச்சேரி அதுதான். பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்கு ஆனந்தமாக இருந்தது. துரத்தாமல் வாசிப்பது எப்படி இருக்கும் என்று 52 வயதில்தான் தெரிந்தது. அந்த ஆனந்தத்தோடு கீழே பார்த்தபோது அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் புரிந்தது, பழைமை பாராட்டிக்கொண்டிருந்தவன் அவன். நோகச் செய்தவர்கள் நாங்கள். அதை அவன் உரிமைக் கணக்கில் எழுதிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வருவானோ என்று மூவரும் கொட்டகையில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டான்: "நான் ஓடுறேனாடா?"

"ஆமாம்டா."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே."

"ஏன்டா சொல்லல?"

பட்டறைக்காரன் குறுக்கே வந்து, "விடு மச்சான், இனிமே என்ன, எல்லாம் வெந்துபோச்சு" என்றான். "நீ வெந்துட்ட. நான் பச்ச மண்ணுதான்டா" என்றான் அவன். பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். இப்போது செல்போனில் மெட்ரோனோம் போட்டு வாசிக்கிறான். இன்னும் ஓடத்தான் செய்கிறான். ஓடும்போது நான் கையைத் தூக்குகிறேன், நிறுத்துகிறோம், மறுபடி முதலிலிருந்து. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டைக்கூட முடிப்பதில்லை.

போன வாரம் அவன் கையைத் தூக்கினான். நான் பாடிக்கொண்டிருந்தேன். "சுருதி சேரலடா" என்றான். எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை.