மேலிருந்து பார்ப்பவர்

2025 மே 18, ஞாயிறு விடியற்காலை. பழவேற்காட்டுக் கரையோர ஊர் ஒன்றில் திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தோம். எல்லையில் காவல் புரியும் மகனைப் பெற்ற தாய் ஒருவர் வந்து, "சாமி, இன்னிக்கு விடுற ராக்கெட்டு நல்லபடியா போகணும்னு மன்றாட்டுல சேர்த்துக்குங்க" என்றார். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து, இ.ஓ.எஸ்.-09 என்னும் செயற்கைக்கோளைச் சுமந்து பி.எஸ்.எல்.வி. புறப்படவிருந்தது. இரவையும் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கண் அச்செயற்கைக்கோளுக்கு உண்டு. பாகிஸ்தானுடன் நடந்த நான்கு நாள் மோதல் ஓய்ந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. தாயின் கலக்கம் நமக்குப் புரிந்தது. ஆயினும் உடனே சரி என்று சொல்ல நா எழவில்லை.

விண்ணிலிருந்து பார்ப்பது தவறு என்று எண்ணியா தயங்கினோம்? அன்று. கடலின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோள் காண்பதால்தான் ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. புயலை முன்னரே சொல்வதும் அத்தகைய கண்களே. (ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போகவேண்டாம் என்று நம் மீனவருக்கு அறிவிப்பு வரும். அன்றைய வருவாயை இழந்து வீட்டிலிருக்கும் அவர்களும் அக்கண்ணுக்கு விலை கொடுத்தவர்களே.) படைக்கான கண்கூட எப்போதும் போருக்கே உதவியது எனல் ஆகாது. 1972இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏவுகணைகளுக்கு வரம்பு கட்டியபோது, உடன்பாட்டைச் சரிபார்க்கும் ஒன்றன் வேவுக் கண்ணுக்கு மற்றது இடையூறு செய்யாது என்று இசைந்தன. நம் நாடும் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் விரைந்து, 2009 ஏப்ரல் 20 அன்று ரிசாட்-2ஐ ஏவியது. மக்களைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டென்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மறுக்கவில்லை.

நம் தயக்கம் வேறு. தாவீது அரசன் மாடியில் உலாவியபோது, கீழே குளித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டான். தான் பார்க்கப்படுவதை அவள் அறியாள். அவன் ஆளனுப்பினான், முடிவில் அவள் கணவன் உரியா போர்முனையில் மாண்டான். விடுதலைப் பயண நூலிலோ இறைவன் தம் மக்களின் துயரைக் கண்டு இறங்கி வருகிறார். இருவர் பார்த்ததும் மேலிருந்துதான்.

செயற்கைக்கோள் இறங்கி வராது. கூரையைக் காட்டும், கூரையடியில் உறங்குவோர் யார் என்று காட்டாது. நம் மீனவரின் ஃபைபர் படகு அதற்கு ஒரு புள்ளி. அயல்நாட்டுக் கரையில் நிற்கும் படகும் அவ்வாறே. அப்புள்ளியைச் சுட்டி 'இதுவே இலக்கு' என்பவர் மனிதர். நகரங்களை அவற்றின் மக்களோடு அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று சங்கம் சொன்னது குண்டு வீசுபவரை மட்டுமன்று, படத்தைப் படித்துச் சொல்பவரையும் சாரும் என்றே கருதுகிறோம். எவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிகிறதோ, அவ்வளவுக்குத் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்னும் சாக்குக் குறைகிறது. படைவீரரின் இல்லங்களில் இதைச் சொல்வது எளிதன்று.

ஆகவே மன்றாட்டில் ராக்கெட்டைச் சேர்க்கவில்லை. எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்காகவும், படங்களைப் பார்த்து முடிவெடுப்போருக்காகவும், எல்லையின் இருபுறமும் பார்க்கப்படுவோருக்காகவும் மன்றாடினோம். 5.59க்குப் புறப்பட்ட ராக்கெட் மூன்றாம் கட்டத்தில் பழுதுற்று, செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை என்ற செய்தி திருப்பலி முடிவதற்குள் வந்துவிட்டது. அந்தத் தாய் வாசலில் காத்திருந்தார்.

"ரெண்டு பக்கத்துக்குமா வேண்டினீங்க, சாமி?"

"ஆமாம்மா" என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.