ஓட்டியவன் யார் என்ற கேள்வி

பண்டிகைக் கூட்டத்தின் மீது வண்டியை ஏற்றிக் கொல்வது அண்மைப் பத்தாண்டுகளில் உலகம் திரும்பத் திரும்பக் கண்ட குற்றம். 2016 ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள் இரவில் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் 19 டன் லோரி ஒன்று 86 பேரைக் கொன்றது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தை. 2021 நவம்பரில் அமெரிக்காவின் வாக்கேஷா நகர ஊர்வலம். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் மக்டபர்க். 2025 புத்தாண்டு விடியற்காலையில் நியூ ஆர்லியன்ஸ். அதே ஆண்டு ஏப்ரலில் வான்கூவரில் பிலிப்பினோ மக்கள் கூடிய லாப்பு லாப்பு நாள் விழா. கொன்றவன் செய்தது சரியா தவறா என்று யாரும் வழக்காடப் போவதில்லை. அந்த இடத்தில் இல்லாத, ஆனால் செய்தியைக் கேட்டுவிட்ட மற்றவர்கள் அடுத்த சில மணி நேரத்தில் பேசுவதும் அனுப்புவதும் கோருவதும்தான் அறம் பற்றிய வழக்காக நிற்கின்றன.

மக்டபர்க் நிகழ்ச்சியில் அந்த வழக்கு துலக்கமாகத் தெரிந்தது. டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை மாலை, வாடகைக்கு எடுத்த கார் ஒன்று அவசர ஊர்திகளுக்காக விடப்பட்ட இடைவெளி வழியே சந்தைக்குள் புகுந்தது. ஒன்பது வயதுச் சிறுவனும் ஐந்து பெண்களும் இறந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் காயமுற்றனர். பிடிபட்டவர் சவூதி அரேபியாவில் பிறந்தவர் என்ற செய்தி வந்ததுமே இது இஸ்லாமியத் தீவிரவாதம் என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். பிறகு தெரிந்தது வேறு. அவர் 2006 முதல் ஜெர்மனியில் வாழும் மனநல மருத்துவர்; இஸ்லாத்தை விட்டு வெளியேறி, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதிவந்தவர்; குடியேறிகளை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியின் கருத்துகளுக்கு ஆதரவு காட்டியவர். உண்மை இப்படித் தலைகீழாகப் புரண்ட பிறகும் முதல் முடிவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. டிசம்பர் 23 அன்று நகரின் பேராலயச் சதுக்கத்தில் அந்தக் கட்சியின் கூட்டம், குடியேறிகளை நாடு கடத்தக் கோரும் முழக்கங்களோடு நடந்தது. அதே மாலை, வெறுப்புக்கு இடம் தராதீர்கள் என்று இன்னொரு பகுதி மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். இறந்தவர்கள் இன்னும் அடக்கம் செய்யப்படாத நகரத்தில் அன்று இரண்டு கூட்டங்கள் இருந்தன.

நியூ ஆர்லியன்ஸிலும் இதே கதைதான். 14 பேரைக் கொன்ற வண்டி எல்லை தாண்டி வந்தது என்று ஒரு தொலைக்காட்சி முதலில் சொன்னது, பின்னர் திருத்திக்கொண்டது. வெளியிலிருந்து வரும் குற்றவாளிகளைப் பற்றிய அரசியல் பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது. ஓட்டியவன் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த, அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய குடிமகன்.

இதெல்லாம் தொலைதூரத்து வெள்ளைக்காரர் விவகாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம் வழியாக வடக்கே போகும் கூட்டரசு சாலை கொஞ்ச தூரத்திலேயே பேராக் எல்லைக்குள் நுழைந்து தெலுக் இந்தான் பக்கம் செல்கிறது. அவ்வூர்ச் சித்ரா பௌர்ணமித் தேர் வட சிலாங்கூர்த் தோட்டத்து மக்களுக்கும் அறிமுகமானது. 2025இல் அந்தத் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துக்கொண்டு திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியைச் சாலையில் கல் ஏற்றிவந்த லோரி மோதியது. ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நாள் மே 13. மலேசியாவில் அந்தத் தேதிக்கே, இனக் கலவரம் வெடித்த 1969 முதல் ஒரு கனம் உண்டு. இது தாக்குதல் அல்ல, விபத்து. யாரும் திட்டமிட்டு ஓட்டவில்லை. மக்டபர்க்கோடு இதை ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆனால் செய்தி பரவிய முதல் மணி நேரத்தில் எழுந்த கேள்வி அங்கும் இங்கும் ஒன்றுதான். லோரி ஓட்டியது யார்?

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் பொறுப்பு என்பது ஒன்று. இறந்தவரின் குடும்பம் அதைக் கேட்கிறது. கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. நீதிமன்றம் இருப்பதே அதற்குப் பதில் சொல்லத்தான். எந்த இனம் என்பது மற்றொன்று. இதை இறந்தவருக்காக யாரும் கேட்பதில்லை. உயிரோடிருப்பவர்கள் தங்களுக்காகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

தோட்டப்புறத் தமிழர் வீடுகளில் இப்படிப்பட்ட செய்தி வரும்போது, பெயர் தெரியும்வரை ஒரு பதற்றம் நிலவும். பெயர் தெரிந்ததும், “நல்ல வேளை, நம்மாளு இல்ல” என்று யாராவது ஒருவர் சொல்வார். சொன்னவர் கல்நெஞ்சர் இல்லை. இறந்தவர்களுக்காக உச்சுக்கொட்டிய வாய்தான் இதையும் சொல்கிறது. ஒருவன் செய்தது எல்லார் பேரிலும் எழுதப்படும் என்பதைச் சிறுபான்மையாய் வாழ்ந்தவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். தோட்டக் கடையில் ஒருவன் கடன் வாங்கிய சாமானைக் கடைக்காரர் 555 என்ற கடன் கணக்குப் புத்தகத்தில் லயத்து வீடுகள் எல்லாவற்றின் பேரிலும் எழுதினால் எவ்வளவு அநியாயமோ அவ்வளவு அநியாயம் அது. அநியாயம் என்று தெரிந்தும், எழுதப்படும் என்பதும் தெரிந்திருப்பதால் அந்தப் பெருமூச்சு வருகிறது.

பெருமூச்சைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓட்டியவர் வேறு இனம் என்று தெரிந்த மறு நிமிடம் அதே வாய், “பாரு, அவங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடருமானால், கடைக்காரரின் பேனா இப்போது இவர் கைக்கு மாறிவிட்டது என்று பொருள். தன் பேரில் எழுதக் கூடாது என்பவர் அடுத்தவர் பேரில் எழுதலாகாது. சொல்ல எளிது; பெரும்பான்மையினரின் தவறுகள் அவர்கள் கணக்கில் ஏறுவதே இல்லை என்ற மனத்தாங்கல் உள்ளவருக்கு அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. மனத்தாங்கலுக்குக் காரணம் இருக்கலாம். அதைத் தீர்க்கும் வழி ஒன்பது பேரின் சாவு ஆகாது. தெலுக் இந்தான் லோரியை ஓட்டியவர் எந்த இனம் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் குற்றவாளியின் பின்னணியைப் பற்றிப் பேசவே கூடாதா? அதுவும் பொருந்தாது. திட்டமிட்ட கொலையில் நோக்கம் என்று ஒன்று உண்டு. நோக்கத்துக்குப் பின்னே ஒரு கொள்கையோ இயக்கமோ இருக்கலாம். நியூ ஆர்லியன்ஸ் கொலையாளி வண்டியில் ஐஎஸ் இயக்கத்தின் கொடியை வைத்திருந்தான். அதைச் சொல்லாமல் விடுவது உண்மையை மறைப்பதாகும். இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது, ஒருவன் தானாகத் தேர்ந்துகொண்டதையும் தனக்கு வாய்த்ததையும். கொள்கை அவன் தேர்ந்தது. அதற்காக அவனையும் அந்தக் கொள்கையைப் பரப்பியவர்களையும் கேள்வி கேட்கலாம். பிறந்த ஊர், தோல் நிறம், தாய்மொழி அவனுக்கு வாய்த்தவை. அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் பல லட்சம் பேர் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. மக்டபர்க்கில் இந்த வேறுபாட்டைப் பார்க்காதவர்கள் ஓர் இஸ்லாம் எதிர்ப்பாளரின் செயலுக்கு இஸ்லாமியரிடம் கணக்குக் கேட்டார்கள்.

இதைவிடச் சிக்கலான கேள்வி அதிகாரிகளைச் சேர்ந்தது. சந்தேக நபரின் இனத்தைப் போலீஸ் அறிவிக்கலாமா? 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். 17 வயதுப் பையன் என்பதால் பெயரை வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு பொய்ப் பெயர் முளைத்தது. படகில் வந்த அகதி என்று கதையும் சேர்ந்தது. அந்தப் பெயர் சரியல்ல என்று போலீஸ் மறுத்தும் பயனில்லை. மறுநாளே ஊர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குப் பல நகரங்களில் கலவரம்; ராதரமில் அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றனர். கொலையாளி பிரிட்டனின் கார்டிஃப் நகரில் பிறந்தவன்.

அடுத்த ஆண்டு மே 26, பொது விடுமுறை நாளில், லிவர்பூல் காற்பந்துக் குழுவின் வெற்றி ஊர்வலக் கூட்டத்துக்குள் ஒரு கார் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர், உயிர்ப்பலி இல்லை. இம்முறை அதே வட்டாரப் போலீஸ் இரண்டு மணி நேரத்துக்குள், கைதானவர் 53 வயது வெள்ளை இன பிரிட்டிஷ்காரர், உள்ளூரைச் சேர்ந்தவர் என்று அறிவித்தது. வதந்தி அடங்கியது. கலவரம் இல்லை. விளைவை மட்டும் எடை போட்டால் அறிவித்ததே சரி. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். வெள்ளையர் என்றால் உடனே சொல்வார்கள் என்று மக்கள் பழகிவிட்டால், சொல்லாத நாளில் அந்த மௌனமே ஒரு குற்றச்சாட்டாகப் படிக்கப்படும். அன்று சொன்ன செய்தியின் உட்பொருள், “நீங்கள் அஞ்சிய ஆள் இவர் இல்லை” என்பது. அஞ்சிய ஆளாக இருந்திருந்தால் கலவரம் நியாயமாகிவிடுமா என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை. எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றுவதைப் போல, வதந்தி பற்றிக்கொண்ட வேளையில் சொல்வதை ஏற்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் இங்கிலாந்துப் போலீஸ் தலைமை, பெரிய வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டோரின் இனத்தையும் குடியுரிமையையும் வெளியிடுவதை ஊக்குவிக்கும் வழிகாட்டுதலைத் தந்தது. அவசர மருந்தை அன்றாட உணவாக்குவது அது.

இனத்தை முன்வைத்துக் கிளம்பும் வதந்தியின் கசப்பை மலேசியத் தமிழரும் சுவைத்தவர்கள். 2018 நவம்பர் 26 அதிகாலையில் சுபாங் ஜெயா சீபில்டு மகா மாரியம்மன் ஆலயத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. வேர், ஆலயம் நின்ற நிலத்தைப் பற்றிய நெடுநாள் தகராறு. ஆனால் இரண்டு இனங்களின் மோதல் என்ற பேச்சு பொழுது விடிவதற்குள் கைப்பேசிகளில் ஓடியது. இது இனக் கலவரம் அல்ல என்று உள்துறை அமைச்சர் முகைதீன் யாசின் சொல்ல வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்த இரவில் அங்கே எரிந்த வாகனங்களை அணைக்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமுற்று டிசம்பர் 17இல் இறந்தார். தீயணைப்பு வண்டியே பின்னோக்கி வந்து மோதியதா, கூட்டம் இழுத்துத் தாக்கியதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. எந்தப் பக்கம் நிற்பது என்பதைப் பலர் மருத்துவ அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யவில்லை, தம் பிறப்பைப் பார்த்து முடிவு செய்தார்கள். இரண்டு தரப்பிலும் இது நடந்தது. 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம், அடையாளம் தெரியாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோரின் குற்றச்செயலால் மரணம் என்று தீர்ப்பளித்தது. அடையாளம் தெரியாத அந்தச் சிலருக்காக ஒரு சமூகம் முழுவதும் பதில் சொல்ல வைக்கப்பட்டது. இளம் வயதில் மகனை இழந்த ஒரு குடும்பமோ யார் என்ற நேர்மையான கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நின்றது.

கோபம் கொள்வதே தவறு என்பாரும் உண்டு. அது இழவு வீட்டில் ஒப்பாரியை அடக்கச் சொல்வது போன்றது. நீஸில் கொலையாளி சுட்டு வீழ்த்தப்பட்ட இடத்தில் மக்கள் கல்லையும் குப்பையையும் குவித்தனர். வரிசையாக வந்து துப்பினர். அருவருப்பான காட்சிதான். ஆனாலும் அந்தக் கோபம் குறி தவறவில்லை. செத்த ஒருவனுக்கு அப்பால் யாரையும் அது தீண்டவில்லை. அதே நகரில் ஜூலை 18 அன்று மௌன அஞ்சலிக்கு வந்த பிரதமர் மனுவேல் வால்ஸைக் கூட்டம் கூச்சலிட்டு ஏசியது. மரியாதைக் குறைவு என்று அன்று பலர் கண்டித்தனர். பாதுகாப்புக்குப் பொறுப்பான அரசிடம் கணக்குக் கேட்டதில் என்ன தவறு என்றும் கேட்கலாம். அந்நகரில் இறந்த 86 பேரில் இஸ்லாமியரும் பலர். வண்டி முதலில் கொன்றது ஓர் இஸ்லாமியத் தாயை. கோபத்தை ஒரு மதத்தின் மீது திருப்பியவர்கள் அந்தத் தாயின் பிள்ளைகள் மீதும் திருப்பினார்கள். வான்கூவரில் 11 பேரைக் கொன்றவனை அங்கிருந்தவர்களே மடக்கி, போலீஸ் வரும்வரை பிடித்துவைத்து ஒப்படைத்தனர். கண்ணெதிரே பிணங்கள் கிடக்கையில் அவனை உயிரோடு ஒப்படைக்க முடிந்தது.

2019இல் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பின் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன், கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிப்பதில்லை என்று நாடாளுமன்றத்தில் கூறினார். நீதிமன்றத்துக்குப் பெயர் வேண்டும்; பரபரப்புக்கு வேண்டியதில்லை. மேலே எந்தக் கொலையாளியின் பெயரும் வராததற்கு அதுவே காரணம். இத்தகைய சம்பவங்களின் காணொளிகளைப் பரப்புவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. “வந்தத அப்படியே அனுப்பினேன்” என்பது புலனக் குழுக்களின் வழக்கமான சாக்கு. வந்ததை அனுப்புகிறவரும் அனுப்புகிறவர்தான். சாலையில் கிடப்பவரின் மனைவி அந்தக் குழுவில் இருக்கக்கூடும்.

யார் என்ற கேள்வியின் நேர்மையான பாதியை மக்கள் விரைவில் மறந்துவிடுகிறார்கள். அதற்கான பதில் ஓட்டியவனோடு நிற்பதில்லை. நியூ ஆர்லியன்ஸ் போர்பன் தெருவில் வண்டிகளைத் தடுக்கும் தூண்கள் இருந்தன. மார்டி கிரா விழாவில் வீசப்படும் மணிமாலைகள் சிக்கிப் பழுதாகி, மாற்றுவதற்காகக் கழற்றப்பட்ட வேளையில் தாக்குதல் நடந்தது. மக்டபர்க் ஆளைப் பற்றிச் சவூதி அரசு முன்பே ஜெர்மனியை எச்சரித்திருந்தது. சந்தையின் இடைவெளியை யார் அடைத்திருக்க வேண்டும் என்பதை அந்நகர் இருக்கும் மாநிலத்தின் சட்டமன்ற விசாரணைக் குழு ஆராய்ந்தது. தெலுக் இந்தான் விபத்துக்குப் பிறகு லோரியின் பராமரிப்பு, ஏற்றிய பாரம், நிறுவனத்தின் உரிமம் எல்லாம் கேள்விக்கு உள்ளாயின. வட சிலாங்கூர்க் கோயில்களிலும் ஆண்டுத் திருவிழாவின்போது செம்பனை லோரிகளும் மணல் லோரிகளும் ஓடும் சாலையைத்தான் சாமி ஊர்வலம் கடக்கிறது. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பக்கத்தில் கைவிளக்கோடு இளைஞர்கள் சிலர். கனரக வாகனங்களை எந்தச் சந்திப்பில், எத்தனை மணியிலிருந்து நிறுத்துவது, அதற்கு யார் கையெழுத்திடுவது என்பதை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே கோயில் நிர்வாகம் போலீஸ் நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.