மலைக்குப் பங்கு எங்கே?

குற்றால அருவி கொட்டுகிறது; கூட்டம் குளித்துக் களிக்கிறது. அம்மலை நீரே சிற்றாறாய் இறங்கிக் கீழப்பாவூர்க் குளத்துக்கும் வயலுக்கும் உயிரூட்டுகிறது. வருணன் வழங்கிய வரமா இது? அன்று! மழையை மண்ணில் தேக்கி மெல்ல விடும் மலைக்காட்டின் பணி.

2015இல் இம்மலைத்தொடரில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. நன்று! ஆனால், பயன் பலருக்கு. பாரமோ, ஆடு மேய்க்காதே, விறகு பொறுக்காதே என்று தடுக்கப்படும் காட்டோர ஏழைக்கு மட்டுமா? இதுவா நீதி?

1997இல் நியூயார்க் நகரம், தன் குடிநீர் பிறக்கும் காட்ஸ்கில் மலையூர்களோடு உடன்பாடு கண்டு, நிலங்காக்கப் பணம் தந்தது. இங்கும் குளிப்பவர், உழுபவர், வணிகர், அரசு எனப் பயனடைவோர் அனைவரும் செலவைப் பகிர்ந்தால் காடும் வாழும், ஏழையும் வாழ்வான். அது கொடையன்று, கடன்!