மேடு

குளுவாங். காலை ஏழு.

ரயிலடிக் கோப்பிக் கடையின் வாசனை தெருவரைக்கும் வருகிறது. வறுத்த கொட்டை, வெண்ணெய், கரியில் வாட்டிய ரொட்டி. 1938இலிருந்து இருக்கிற கடை.

கோப்பி ஓ. கறுப்பு. அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிறது. கரண்டி சாஸரிலேயே இருக்கட்டும்.

ஊருக்குப் பெயர் கொடுத்தது பழந்தின்னி வௌவால். மலாயில் கெலுவாங். அண்ணாந்து பார்க்கிறேன். கம்பிகள். ஒரு காகம். வௌவால்கள் எங்கிருந்தாலும் இந்நேரம் தூங்கப் போயிருக்கும்.

அவன் வீடு நடந்தால் பத்து நிமிடம்.

பதினோரு வருடமாக நடக்காத பத்து நிமிடம்.

*

கேட் திறந்தே இருக்கிறது.

நாற்காலியில் அவன். வலது கை மடியில். யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

பேச்சு வராது என்று போனில் சொல்லியிருந்தார்கள். கேட்டது வேறு. பார்ப்பது வேறு.

"பசியாறிட்டு வந்தீங்களாண்ணே?" அவன் மனைவி. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போகிறார். பாத்திரச் சத்தம்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல். மூன்று மைலும் படக்கதை சொல்லிக்கொண்டே வருவான். பார்க்காத படத்துக்கும் கதை இருக்கும் அவனிடம். சண்டைக் காட்சி வந்தால் நடை நின்றுவிடும். பையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மேலே மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக்.

எண்ணுகிறேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை எங்கோ நழுவிவிடுகிறது.

அவன் கண் என் சட்டைப் பையில் நிற்கிறது. பிறகு சன்னலில். பிறகு மறுபடி பையில்.

பையில் ஒரு பேனா. வேறொன்றும் இல்லை.

*

வெளியே காடி நிற்கும் சத்தம். கோத்தா திங்கியிலிருந்து இன்னொருவன் வந்துவிட்டான். ஆரன் அடிக்கிறான். அதே இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

நாற்காலியில் இருப்பவனின் புருவம் லேசாக ஏறுகிறது.

ஏறியதா.

*

ரெங்கம் போகும் சாலை. இரு பக்கமும் செம்பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. காடி ஓட ஓட வரிசைகள் திறந்து மூடுகின்றன.

யாரும் பேசவில்லை. ரேடியோவும் இல்லை. சக்கரத்தின் கீழே சரளைக்கல்.

பால்மரங்கள் இருந்தபோது இந்த வழி இருட்டாக இருக்கும். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாக்கள் உள்ளே போவார்கள். விளக்குகள் மட்டும் மரத்துக்கு மரம் நகரும்.

"இங்கதான்" என்கிறான்.

இறங்குகிறோம். செம்பனை. அங்கேயும் செம்பனை. இங்கேயும் செம்பனை.

"எங்க?"

"காலுக்குக் கீழ பாரு."

ஒரு சிமெண்டு விளிம்பு. முழ நீளம். பாசி. நாங்கள் இருந்த தோட்ட லயத்தின் முன்வாசல் படி.

எந்த வீட்டுடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான்காவது வீடு என்று அவன். ஆறாவது என்று நான்.

குனிந்து தொடுகிறேன். ஈரம்.

*

கோயில் இருக்கிறது. லயங்களை இடித்தவர்கள் கோயிலை விட்டுவைத்தார்கள். தகரக் கூரை, மூன்று வேல், எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருக்கிறது. யாரோ இன்னும் வருகிறார்கள். சூடத்தின் கரி புதிது.

பின்னால் ஆள் எண்ணும் பெரட்டுக் களம். புல் முளைத்த சதுரம்.

1943இல் இவன் தாத்தாவை இங்கே நிறுத்தித்தான் எண்ணினார்களாம். ஜப்பான்காரன் ஆட்சி. சயாம் ரயில் வேலை. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள்.

தாத்தா திரும்பவில்லை. பாட்டி கடைசிவரை பொட்டு வைத்திருந்தாள். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே.

இதை இவன் இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் கோபம் இருந்தது. இன்று களத்தின் ஓரத்தில் நின்று சொல்கிறான். குரலில் ஏற்றம் இல்லை.

காற்று. செம்பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன.

*

டப்.

தலைக்கு மேலே எங்கோ. பிறகு இலைகளுக்குள் எதுவோ விழும் சத்தம்.

கோயிலுக்குப் பின்னால் ஒரே ஒரு பால்மரம். வெட்டாமல் விட்டது. பழைய வெட்டுக்காயங்கள் முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கின்றன. ஆகஸ்ட் வெயிலில் காய் வெடிக்கிறது.

ரப்பர்க் கொட்டை. பழுப்பில் கறுப்புப் புள்ளி. எந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லை. மழமழப்பு. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி.

சிமெண்டுத் தரையில் தேய்த்தால் கொதிக்கும். பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அலறுவான். படக்கதைக்காரன்தான் அதில் கெட்டிக்காரன். கதை சொல்லிக்கொண்டே கீழே தேய்த்துக்கொண்டிருப்பான்.

ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறேன். பேனாவில் தட்டி ஒரு சின்னச் சத்தம்.

*

கோத்தா திங்கி. மதியம்.

கம்போங் மக்காம். சுல்தான் மஹ்முட் அடங்கியிருக்கும் இடம். மஞ்சள் துணி போர்த்திய கல். 1699. தொழுகைக்குத் தோளில் சுமந்து போகும்போது குத்திக் கொன்றார்கள். சுமக்கப்படும்போதே இறந்தவர் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. மங்காட் டிஜூலாங்.

காரணம் ஒரு பலாச்சுளை என்று கதை. குத்திய தளபதியின் மனைவி, வயிற்றில் பிள்ளை. அரண்மனைத் தோட்டத்துப் பலாவில் ஒரு சுளை ஆசைப்பட்டுத் தின்றாள். சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னான்.

நிழலாக இருக்கிறது இங்கே. ஒரு கிழவர் காய்ந்த இலைகளைப் பெருக்குகிறார். பெருக்கிய இடத்தில் ஓர் இலை விழுகிறது. அதையும் பெருக்குகிறார்.

அவளுடைய கல் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

நண்பன் வீட்டில் மேசை மேல் பலாச்சுளை. தட்டு நிறைய. எதேச்சைதான். இருவரும் தட்டைப் பார்க்கிறோம். அவன் மகளுக்கு எங்கள் சிரிப்பு புரியவில்லை.

விரலில் பிசின். எண்ணெய் தடவிய பிறகும் கொஞ்சம்.

*

ஜொகூர் லாமா.

இன்னும் முப்பது கிலோமீட்டர் தெற்கே. செம்பனை முடிந்ததும் ஆறு தெரிகிறது. அகலம். சேற்று நிறம். அக்கரை ஒரு பச்சைக் கோடு.

ஒரு மேட்டின் மேல் நிற்கிறோம். கோட்டையைத் தேடுகிறேன்.

"நின்னுக்கிட்டிருக்கியே" என்கிறான்.

*

மேடுதான் கோட்டை.

மண்ணைக் குவித்த மதில். அதன் மேல் புல். ஒரு பக்கம் சரிவு, கீழே ஆறு. மறு பக்கம் சரிவு, கீழே கிராமத்து வாழைமரங்கள். யாரும் சொல்லாவிட்டால் வயல்வரப்பின் பெரிய அண்ணன் என்று நினைத்துக் கடந்திருப்பேன்.

செருப்பைக் கழற்றுகிறேன். புல் முனை குத்துகிறது. அதற்குக் கீழே மண் வெதுவெதுப்பு.

*

1511இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்கா போனது. ஓடிய சுல்தானின் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா. ஆறு வளையும் இந்த இடத்தைப் பார்த்துக் கோட்டையை நிறுத்தினார். 1540. கோத்தா பத்து என்று பெயர். கடலில் வருகிறவன் இந்த வளைவைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

1587இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் அந்த வளைவுக்குள் வந்தன. எரித்தார்கள். பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நண்பன் பலகை கண்டால் நின்று கடைசி வரி வரைக்கும் படிப்பான். நான் பாதியில் விட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். மீதியை அவன் சொல்லித்தான் பரீட்சை எழுதினேன்.

"47 வருசம் நின்னுருக்கு" என்கிறான்.

நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 51 ஆகிறது.

இருவரும் கணக்குப் போட்டது தெரிகிறது. யாரும் சொல்லவில்லை.

*

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் சீனத்துப் பீங்கான் ஓடுகள். வெள்ளையில் நீலம். ஒரு சில்லில் பாதிப் பூ. காம்பு இருக்கிறது, இதழ் இல்லை.

யாரோ அதில் சோறு உண்டிருக்கிறார்கள்.

கண்ணாடியில் என் மூச்சு படிகிறது. மங்குகிறது. தெளிகிறது.

*

மறுபடி மேட்டில்.

நீர் ஏறுகிறதா இறங்குகிறதா. ஒரு தென்னை மட்டை மிதந்து வருகிறது. நிற்கிறது. மெதுவாகத் திரும்பி, வந்த வழியே போகிறது.

இந்த ஆற்றின் மேல்பகுதிக் காடுகளில்தான் கோத்தா கெலாங்கி என்றார்கள். 2005இல் பத்திரிகைகள் நிறைய எழுதின. காடு மூடிய நகரம். 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்து தாக்கியது இதுவாக இருக்கலாம் என்று. அந்த வருடம் தமிழ்க் கடைகளில் தே தாரிக்கோடு இதே பேச்சு. நாற்காலிக்காரன் ராத்திரி பதினொன்றுக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் முக்கால் மணி நேரம் பேசினான். யானைகள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்பதுவரை.

பிறகு பேச்சு அடங்கிவிட்டது. காடு இருக்கிறது.

போனில் அந்தக் குரல் எப்படி இருந்தது. நினைவில் சொற்கள் வருகின்றன. குரல் வரவில்லை.

கண்ணை மூடுகிறேன். ஆற்றின் வாடை. எங்கோ ஒரு விசைப்படகு. அது போய் வெகுநேரம் கழித்து அலை கரையைத் தொடுகிறது.

*

ஜொகூர் பாரு. மாலை.

ராஜகாளியம்மன் கோயில். 1922இல் ரயில் பாதை ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டகை. 2009இலிருந்து முழுக்கக் கண்ணாடி. சுவர், தூண், விதானம். சிவப்பு, நீலம், பச்சை, தங்கம். சில்லுகள் லட்சக்கணக்கில்.

உள்ளே போனதும் கண் கூசுகிறது. அம்மனைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தத் தகரக் கோயிலின் மூன்று வேல் போதும் என்று ஓர் எண்ணம். வருகிறது. போகிறது.

தூணுக்கு முன்னால் நண்பன் நிற்கிறான். கும்பிடவில்லை. சில்லுகளில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்கிறான். சாயம் போன இடத்தை மறைத்து.

தண்டவாளத்தின் பக்கமிருந்து ஒரு ரயில். எல்லாச் சில்லுகளிலும் விளக்கு லேசாக நடுங்குகிறது.

*

இரவு அவன் மகன் வீட்டில். பன்னிரண்டாம் மாடி.

நான்கு மணிக்கு விழிப்பு. கீழே மோட்டார் சைக்கிள்கள். சத்தம் தனித்தனியாக இல்லை. ஒரே இரைச்சல், ஒரே திசையில்.

மகன் தலைக்கவசத்தோடு வாசலில். சிங்கப்பூரில் ஏழு மணி வேலை. "தூங்குங்க மாமா." கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறான்.

சன்னலில் நிற்கிறேன். விளக்குகள் பாலத்துக்கு வரிசை கட்டுகின்றன. 1,056 மீட்டர். பாலம் என்று சொல்கிறோம். கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய மேடு அது. 1924இல் திறந்தார்கள். 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷ் படை தான் கடந்துபோனதும் வெடி வைத்துப் பிளந்தது. கடைசியாகப் போன ஸ்காட்லாந்துக்காரர்கள் பைக்குழல் ஊதிக்கொண்டே நடந்தார்களாம்.

இரைச்சலைக் கேட்கிறேன். குழலைக் கேட்கப் பார்க்கிறேன். இரைச்சல்தான் கேட்கிறது.

நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நகர்ந்தவர்கள் இதே நேரத்துக்குத்தான் எழுந்தார்கள்.

கண்ணாடியில் நெற்றி. குளிர்ச்சி.

*

குளுவாங். மறுநாள் மதியம். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

அதே நாற்காலி. அதே டக்.

பையிலிருந்து கொட்டையை எடுத்து அவன் இடது உள்ளங்கையில் வைக்கிறேன்.

பார்க்கிறான். நீண்ட நேரம்.

கட்டைவிரல் அதன் மேல் ஒருமுறை போகிறது. பின்னும் ஒருமுறை.

பிறகு சாய்கிறான். மனைவி பிடிக்க வருகிறார். நண்பன் கையைக் காட்டி நிறுத்துகிறான்.

கை தரையைத் தொடுகிறது. தேய்க்கிறான். மெதுவாக, ஒரே இடத்தில்.

இப்போது வீடெல்லாம் டைல்ஸ். வழுக்குகிறது. சூடு ஏறாது.

தேய்க்கிறான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்கையை அவன் பக்கமாக நீட்டி வைக்கிறேன்.

வெளியே மழை ஆரம்பிக்கிறது. முதலில் தகரத்தில். பிறகு வாழையிலையில்.