குழியானைக்கு மதிப்பெண் இல்லை

கோடை விடுமுறை தொடங்கினால் நீச்சல், அபாகஸ், ரோபோட்டிக்ஸ் என்று பயிற்சி வகுப்புகளின் துண்டறிக்கைகள் செய்தித்தாளோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றன. சொந்த ஊரின் உயிர்களைப் பார்க்கவும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும், அதில் பாடத்திட்டமும் தேர்வும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. வரிக்குதிரையைப் படத்தில் பார்த்ததும் பெயர் சொல்லும் பிள்ளைக்குத் தாழ்வாரத்து மணலில் கிடக்கும் குழியானையைத் தெரியவில்லை. அது அபூர்வமான பிராணியும் அல்ல. காய்ந்த பொடிமணலில் புனல் போலக் குழி பறித்து அடியில் புதைந்திருக்கும். சரிவில் கால் வைத்த எறும்பு மேலேறப் பார்த்தால், தலையால் மணலை வாரியடித்து அதைச் சறுக்கிவிழ வைக்கும். வளர்ந்தபின் மண்ணுக்குள் கூடு கட்டி, தும்பியைப் போன்ற இறக்கைகளோடு வெளியே வரும். மழையில் குழி கலைந்துவிடுமாதலால் இதைப் பார்க்க வெயில்காலமே தோது. வேட்டையும் உருமாற்றமும் ஒரு சாண் மணலுக்குள் நடக்கின்றன. குந்தி உட்காரப் பொறுமை இருந்தால் போதும்.

இதைப் பள்ளியிலேயே சொல்லித் தரலாமே என்பார்கள். பழவேற்காட்டுக்குப் பூநாரை வருகிறது, தாளவாடியில் யானை நடமாடுகிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். தேர்வில் வராததை அங்கே யாரும் நின்று பார்ப்பதும் இல்லை. தேர்வு இல்லாவிட்டால் பிள்ளைகள் பொறுப்பாக இருக்கமாட்டார்கள் என்பதற்குச் சென்னைக் கடற்கரை நல்ல மறுப்பு. 1988 முதல் அங்கே மாணவர்கள் இரவு நேரத்தில் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடியெடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். அதற்கு மதிப்பெண் யாரும் போடவில்லை.

பாம்பு இருக்குமே என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம்தான் என் வாதத்துக்குப் பலம். நல்லபாம்பு என்று நினைத்து, எலி பிடித்துத் தின்னும் நஞ்சற்ற சாரையை அடித்துக் கொல்கிறோம். கட்டுவிரியனோ இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் தெரியாததால் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கடிவாயைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த பத்து வயதுப் பிள்ளை, வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடும். விஷமுறிவு மருந்துக்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. அவர்களைப் போன்றவர்களைவிடத் தகுதியான ஆசிரியரை எங்கே தேடுவது? பட்டம் இல்லை என்று தயங்குவது நம் கோளாறு.

இத்தகைய முகாம் பிக்னிக்காகச் சீரழியவும் வாய்ப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கூட்டருகே போய்ச் செல்ஃபி எடுத்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டே போய்விடக் கூடும். ஆகவே கூட்டம் சேர்க்காமல் பத்துப் பிள்ளைகள், காலை ஆறு மணி முதல் எட்டு வரை, தொடாமல் பார்ப்பது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஊர்ப்புற நூலகமோ குடியிருப்போர் சங்கமோ இந்த மே மாதமே தொடங்கட்டும். கட்டணம் வாங்கினால், ஆடு மேய்ப்பவரோ மீனவரோ இருளரோ, சொல்லித் தருகிறவர் கைக்கு அது போகட்டும். முடிவில் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.