நண்பருக்கு நம் வீட்டுச் சோறு



ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் உங்கள் சிநேகிதர் ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டு நிற்கிறார். "வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுப் போகலாம்" என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள். ஆனால் வீட்டில் இன்றைக்கு ரசமும் கீரை மசியலும்தான் என்ற நினைவு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இன்னொரு நாள் விசேஷமாய் அழைப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவரை அனுப்பிவிடுகிறீர்கள். அந்த இன்னொரு நாள் அநேகமாய் வருவதேயில்லை.

அவரை அழையாமல் விட்டது அவர்மேல் உள்ள மரியாதையினாலா, நம்மேல் உள்ள மரியாதையினாலா? பெரும்பாலும் அது பெருமையே என்பது என் எண்ணம். நம் அடுப்பில் தினமும் வேகிறது இன்னதென்று பிறர் அறியக்கூடாது என்கிற பெருமை.

சேசுநாதர் ஒரு பரிசேயன் வீட்டுப் பந்தியிலிருந்தபோது, விருந்து செய்தால் சிநேகிதரையும் பணக்கார அயலாரையும் அழைக்க வேண்டாம் என்றார் (லூக்காஸ் 14-ம் அதிகாரம்). கேட்பவருக்குத் திகைப்பாயிருக்கும். பெத்தானியாவில் லாசரோடு பந்தியமர்ந்து உண்டவர் அவரேயன்றோ? ஆனால் காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார்: அவர்கள் உன்னைத் திருப்பி அழைத்து ஈடு செய்துவிடுவார்கள். ஆகவே குற்றம் சிநேகிதத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. கலியாண வீட்டில் மொய் நோட்டுடன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 500 ரூபாய் எழுதியவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் குறைத்து எழுதினால் மனத்தாங்கல். மொய்யைப் பழிக்க வரவில்லை. கஷ்டப்பட்ட குடும்பங்கள் அதனால் கரையேறியதுமுண்டு. ஆனால் கஞ்சிக்கும் துவையலுக்கும் மொய் எழுதினவர் யாராவது உண்டா?

எளிய சாப்பாட்டின் இன்பமே இதுதான். வந்தவர் கடன்பட்டு எழுந்திருப்பதில்லை. ரசத்தில் இன்னும் அரைச் செம்பு நீர், இரண்டு அப்பளம், ஊறுகாய் ஜாடியின் அடியில் கிடக்கும் நார்த்தங்காய்த் துண்டு. எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்துவிடலாம். விருந்து வீட்டில் "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்பதற்கு மேல் பேச்சுக்கு நேரமேது? மகனுக்கு வேலை கிடைக்காத துக்கமும், மகளுக்கு வரன் அமையாத கவலையும் மோர்ச்சோறு பிசையும் வேளையில்தான் வெளிவரும்.

புல்வேளூர்ப் பூதன் இட்ட வரகுச் சோறு, வாட்டிய கத்தரிக்காய், புளித்த மோர் ஆகியவற்றை உலகத்துக்கே ஈடென்று மதித்து ஔவையார் பாடிய தனிப்பாடல் ஒன்று உண்டு. விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கிய வள்ளுவரோ ஒரு கறியின் பெயரையும் சொல்லவில்லை. முகத்தைப்பற்றி மாத்திரம் இரண்டிடத்தில் சொல்கிறார்.

முகம் என்றதும் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் நாலு பேரைக் கூட்டி வந்து, கூடத்தில் உட்கார்ந்து தாராளம் காட்டுவது எளிது. அடுப்படியில் ஒரு முகம் வாடினால் அந்தத் தாராளம் யாருடையது? தேங்காய் துருவுங்கள், தட்டைக் கழுவுங்கள், அதன்பின் அழையுங்கள்.

அந்தச் சுவிசேஷப் பகுதியிலேயே ஏழைகளையும் ஊனரையும் அழை என்றும் இருக்கிறது. பெருவிருந்தில் இது எவ்வளவு கடினம்! முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு என்று முன்னமே தீர்மானமாகிவிடுகிறது. பாத்திரம் கழுவும் அம்மாளுக்கு மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொல்லைப்புறமாய்க் கொடுக்கிறோம். ரசமும் அப்பளமும் உண்ணும் கூடத்தில் முதல் பந்தியும் இல்லை, கடைசிப் பந்தியும் இல்லை. சிநேகிதருக்கு வெட்கமின்றி இட்ட சோற்றை, தெருக்கோடியில் தனியாய் வாழும் விதவைக்கும் அவர் பக்கத்திலேயே உட்காரவைத்து இடலாம். அந்த அம்மாளும் ஈடு செய்ய நினைத்து ஒரு நாள் கைப்பிடி முருங்கைக்கீரை கொண்டு வருவார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அதையே ஆய்ந்து சமைத்து, அன்றைக்கும் அவரைச் சாப்பிட இருத்திக்கொள்ளுங்கள்.